பி.சி.ஆர். கேஸ் கொடுப்பது எப்படி: புகார்த் தாளிலிருந்து மேல்முறையீடு வரை

சாதியின் பேரால் அடிபட்டவர்களோடும் அவமானப்பட்டவர்களோடும் ஸ்டேஷனுக்கும் கோர்ட்டுக்கும் போய்வந்து கற்றதை இங்கே வரிசையாக எழுதுகிறேன். பெரும்பாலான வழக்குகள் கோர்ட்டில் தோற்பதற்கான காரணம் முதல் நாள் எழுதிய புகாரிலேயே இருந்ததைப் பார்த்திருக்கிறேன். அதனால் அந்தப் பகுதி மட்டும் நீளமாக இருக்கும்.

ஊரில் எல்லோரும் 'பி.சி.ஆர். கேஸ்' என்றுதான் சொல்வார்கள். அந்தப் பெயர் 1955-ஆம் ஆண்டின் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்திலிருந்து வந்தது. இன்று நாம் பெரும்பாலும் பயன்படுத்துவது 1989-ஆம் ஆண்டின் பட்டியல் சாதியினர், பழங்குடியினர் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம். மனுவில் இந்தப் பெயரையே எழுதுங்கள். தண்டனை, நிவாரணம், விசாரணை அதிகாரி எல்லாமே சட்டத்தைப் பொறுத்து மாறும்.

1. சட்டம் உங்களுக்குப் பொருந்துமா என்று முதலில் பாருங்கள்

பாதிக்கப்பட்டவர் பட்டியல் சாதியையோ பழங்குடியையோ சேர்ந்தவராக இருக்க வேண்டும். எதிரி, அதாவது குற்றம் சாட்டப்படுபவர், இந்த இரண்டையும் சேராதவராக இருக்க வேண்டும். பட்டியல் சாதிக்குள்ளேயே ஒரு பிரிவினர் இன்னொரு பிரிவினரைத் தாக்கினால் இந்தச் சட்டம் வராது. பொதுவான குற்றச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாதான் வரும்.

மதம் பற்றிய கேள்வியை மறைக்காமல் கேட்டுக்கொள்ளுங்கள். 1950-ஆம் ஆண்டின் பட்டியல் சாதிகள் ஆணைப்படி இந்து, சீக்கிய, பௌத்த மதத்தவர் மட்டுமே பட்டியல் சாதியாகக் கருதப்படுவார்கள். கிறிஸ்தவராக வாழும் தலித்துகளுக்கு இந்தக் கதவு மூடியிருப்பது பெரிய அநீதி என்பதே என் கருத்து. ஆனால் அது தெரியாமல் வழக்குப் போட்டால், இரண்டு வருடம் அலைந்தபின் எதிர்த்தரப்பு வக்கீல் ஞானஸ்நானப் பதிவேட்டை எடுத்து நீட்டுவார். பழங்குடியினருக்கு இந்த மதத் தடை இல்லை.

சாதிச் சான்றிதழ் கையில் இல்லையென்றால் இ-சேவை மையத்தில் உடனே விண்ணப்பியுங்கள். அது வரும்வரை புகார் கொடுக்கக் காத்திருக்க வேண்டாம். சான்றிதழை விசாரணையின்போது சேர்த்துக்கொள்ளலாம், தாமதமான புகாரைச் சரிசெய்வதுதான் கடினம்.

2. முதல் நாளிலேயே சேர்க்க வேண்டியவை

அடிபட்டிருந்தால் முதலில் அரசு மருத்துவமனைக்குப் போங்கள். அங்கே டூட்டி டாக்டர் 'ஆக்சிடென்ட் ரிஜிஸ்டர்' என்ற பதிவேட்டில் எழுதுவார். எத்தனை பேர், தெரிந்தவர்களா தெரியாதவர்களா, எதனால் அடித்தார்கள் என்று நீங்கள் சொல்வதே அதில் ஏறும். பயத்தில் 'வண்டியிலிருந்து விழுந்துவிட்டேன்' என்று சொல்லிவிட்டால், அந்த ஒரு வரியை வைத்தே எதிர்த்தரப்பு முழு வழக்கையும் உடைக்கும். கூடப் போகிறவர்களும் இதை நினைவில் வைத்திருங்கள், வலியில் இருப்பவருக்கு நினைவிருக்காது.

செல்போனில் வீடியோ எடுத்திருந்தால் அந்த போனை அப்படியே பத்திரப்படுத்துங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு மூலத்தை அழிப்பது நான் அடிக்கடி பார்க்கும் தவறு. மின்னணுச் சான்றைக் கோர்ட் ஏற்க, புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் 63-ஆவது பிரிவின்படி சான்றிதழ் வேண்டும். மூலக் கருவி இருந்தால் அந்த வேலை எளிது.

பக்கத்துக் கடையிலோ கோயிலிலோ சிசிடிவி இருந்தால், அது எங்கே எந்தத் திசையில் இருக்கிறது என்று குறித்து, பதிவைக் கைப்பற்றும்படி புகாரிலேயே கேளுங்கள். பல கருவிகளில் பழைய பதிவின்மேல் புதியது ஏறிவிடும். 2015-இல் நடந்த கோகுல்ராஜ் கொலை வழக்கில் முக்கியச் சாட்சி பிறழ்ந்த பிறகும் தண்டனை கிடைத்ததற்குத் திருச்செங்கோடு கோயில் சிசிடிவி பதிவு பெரிய காரணம்.

3. புகார் எழுதுவது

இங்கே அவசரப்படாதீர்கள். அதே நாளில் கொடுக்க வேண்டும் என்பது உண்மைதான். ஆனால் ஒரு மணி நேரம் உட்கார்ந்து எழுதுவதற்கு எப்போதும் நேரம் இருக்கும்.

புதியவர்கள் கொண்டுவரும் புகார்கள் பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கும். மூன்று பக்கத்துக்குத் தாத்தா காலத்து நிலத் தகராறு, பழைய பஞ்சாயத்து, யார் யாருக்கு எவ்வளவு கடன். நான்காம் பக்கத்தில் ஒரே வரி: 'சாதிப் பெயரைச் சொல்லி இழிவாகத் திட்டினார்.' அந்த ஒரு வரிதான் வழக்கு. அதில் எந்தச் சொல், எந்த இடம், யார் பார்த்தார்கள் என்பது எதுவுமே இருக்காது.

சம்பவத்தை முதல் பத்தியில் வையுங்கள். தேதி, நேரம், இடம், எதிரியின் பெயர், தகப்பனார் பெயர். அடுத்து உங்கள் சாதி, எதிரியின் சாதி. எதிரிக்கு உங்கள் சாதி தெரியும் என்பதை ஒரு வரியில் சொல்லுங்கள்: 'இவர் எங்கள் ஊர்க்காரர், என்னையும் என் குடும்பத்தையும் சிறுவயது முதல் அறிவார்.' எதிரிக்கு உங்களையோ குடும்பத்தையோ நேரில் தெரியுமென்றால், சாதியும் தெரியும் என்றே கோர்ட் அனுமானிக்க வேண்டும் என்று சட்டத்தின் 8-ஆவது பிரிவு சொல்கிறது. அந்த அனுமானம் கிடைக்க இந்த வரி வேண்டும்.

சொன்ன சொல்லைச் சொன்னபடியே எழுதுங்கள். எழுதக் கூசும், கை நடுங்கும். அம்மா பெயரோடு சேர்த்துத் திட்டியதை மகன் தன் கையால் எழுதும்போது பேனாவைக் கீழே வைத்துவிட்டு வெளியே போனதைப் பார்த்திருக்கிறேன். ஆனாலும் 'தகாத வார்த்தை' என்று எழுதினால் நீதிபதியால் எதையும் முடிவு செய்ய முடியாது. எழுதுகிறவருக்கு முடியவில்லையென்றால் இன்னொருவர் எழுதிப் படித்துக் காட்டட்டும், அவர் கையெழுத்திடட்டும்.

இப்போது எல்லோரும் இடறும் இடம். வன்கொடுமைச் சட்டத்தின் 3(1)(ஆர்) பிரிவு என்பது அவமானப்படுத்தும் நோக்கத்தோடு இழிவுபடுத்துவது அல்லது மிரட்டுவது. 3(1)(எஸ்) என்பது சாதிப் பெயர் சொல்லித் திட்டுவது. இரண்டுமே 'பொதுமக்கள் பார்வையில் படும் இடத்தில்' நடந்திருக்க வேண்டும். நான்கு சுவருக்குள், வெளியாள் யாரும் இல்லாமல் நடந்தால் இந்தப் பிரிவுகள் நிற்காது என்று 2020-இல் ஹிதேஷ் வர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2025 ஜனவரியில், லால்குடி பகுதியில் ஒரு அரசு அலுவலக அறைக்குள் நடந்ததாகச் சொல்லப்பட்ட வழக்கையும் இதே காரணத்தால் ரத்து செய்தது. உங்கள் உறவினரும் நண்பரும் மட்டும் அங்கே இருந்தார்கள் என்றாலும் போதாது.

அதனால் யார் யார் இருந்தார்கள் என்பதைத் துருவிக் கேட்க வேண்டும். தெருக்குழாயில் தண்ணீர் பிடிக்கப் போன ஒரு பெண்ணை, குடத்தைத் தள்ளிவிட்டுத் திட்டியிருந்தார்கள். 'யாருமே இல்லை, நானும் அவரும்தான்' என்று அழுதுகொண்டே சொன்னார். குழாய்க்கு எதிரே என்ன இருக்கிறது என்று கேட்டேன். பஞ்சர் கடை. கடை திறந்திருந்ததா? யோசித்தார். 'ஆமாம், அண்ணன் டியூபைத் தண்ணியில முக்கிப் பார்த்துக்கிட்டிருந்தார். குடம் உருண்ட சத்தத்துல நிமிர்ந்து பார்த்தார்.' அந்தப் பஞ்சர் கடைக்காரர் வேறு சாதிக்காரர். இரண்டு வருடம் கழித்துக் கூண்டில் ஏறி, கேட்டதைக் கேட்டபடி சொன்னார். புகாரில் அவர் பெயர் இல்லாமல் போயிருந்தால், பிறகு தயார்செய்த சாட்சி என்று தள்ளியிருப்பார்கள்.

திட்டு மட்டுமே வன்கொடுமை என்று நினைத்து மற்றதை விட்டுவிடுகிறார்கள். நிலத்தைப் பறிப்பது, பொதுக் கிணறு, சுடுகாடு, பாதை ஆகியவற்றைத் தடுப்பது, கோயிலுக்குள் விடாதது, செருப்புப் போட்டு நடக்கவோ பைக்கில் போகவோ விடாதது, கடையில் பொருள் தராமல் ஊர்விலக்கம் செய்வது எல்லாமே 3(1)-இல் தனித்தனிக் குற்றங்கள். இவற்றுக்குப் 'பொதுமக்கள் பார்வை' என்ற நிபந்தனை கிடையாது. நடந்திருந்தால் ஒவ்வொன்றையும் தனி வரியாக எழுதுங்கள்.

நடக்காததை ஒரு சொல்கூடச் சேர்க்காதீர்கள். 'இன்னும் நாலு பேரைச் சேர்த்துவிடு, கேஸ் ஸ்ட்ராங்கா இருக்கும்' என்று சொல்ல ஊரில் ஆள் இருப்பார். சம்பவத்தன்று திருப்பூரில் வேலையில் இருந்தவர் பெயரைச் சேர்த்துவிட்டு, உண்மையாக அடித்தவரும் சேர்ந்து தப்பித்ததை நான் பார்த்திருக்கிறேன்.

புகார் தாமதமாகியிருந்தால் காரணத்தை எழுதுங்கள். மருத்துவமனையில் இருந்தோம், மிரட்டினார்கள், ஊர்ப் பெரியவர்கள் பேசித் தீர்ப்பதாகச் சொன்னார்கள், எதுவாக இருந்தாலும். காரணம் சொல்லாத தாமதம்தான் சந்தேகத்தை உண்டாக்கும்.

4. ஸ்டேஷனில்

இரண்டு நகலோடு போங்கள், ஒன்றில் முத்திரையும் கையெழுத்தும் வாங்குங்கள். வாய்மொழியாகச் சொன்னால், எழுதியதைப் படித்துக்காட்டிய பிறகே கையெழுத்து வாங்க வேண்டும் என்பது சட்டத்தின் 4-ஆவது பிரிவு போலீசுக்கு விதித்த கடமை. படித்துக்காட்டாமல் கையெழுத்திடாதீர்கள்.

சி.எஸ்.ஆர். ரசீதை எஃப்.ஐ.ஆர். என்று நினைத்துத் திரும்பிவிடுவது அடுத்த தவறு. சி.எஸ்.ஆர். என்பது மனு வந்தது என்பதற்கான ரசீது மட்டுமே. அதில் வழக்கு தொடங்குவதில்லை. எஃப்.ஐ.ஆரில் குற்ற எண்ணும் பிரிவுகளும் இருக்கும், நகல் இலவசம்.

'முதலில் விசாரித்துவிட்டுப் போடுகிறோம்' என்பார்கள். புதிய நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ்.ஸின் 173(3)-ஐக் காட்டி, 14 நாள் முதற்கட்ட விசாரணைக்கு அனுமதி உண்டு என்றும் சொல்லக்கூடும். வன்கொடுமைச் சட்டத்தின் 18ஏ பிரிவு, எஃப்.ஐ.ஆர். பதிய முதற்கட்ட விசாரணை தேவையில்லை என்கிறது. 2018-இல் சேர்க்கப்பட்ட இந்தப் பிரிவை 2020-இல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. 20-ஆவது பிரிவின்படி இந்தச் சட்டமே மற்றச் சட்டங்களுக்கு மேல் நிற்கும். குரலை உயர்த்தாமல் இந்த இரண்டு எண்களையும் சொல்லுங்கள். எண்ணைச் சொல்லத் தெரிந்தவரிடம் பேச்சு மாறுவதை நீங்களே பார்ப்பீர்கள்.

5. எஃப்.ஐ.ஆர். போட மறுத்தால்

வரிசை முக்கியம். முதலில் அதே புகாரை மாவட்ட எஸ்.பி.க்கு ஸ்பீடு போஸ்டில் அனுப்பி, தபால் ரசீதையும் சேர்ந்ததற்கான அத்தாட்சியையும் வைத்துக்கொள்ளுங்கள். மாநகரமென்றால் கமிஷனருக்கு. அதன் பிறகுதான் கோர்ட். இந்தப் படியைத் தாண்டிவிட்டு நேரே போனால், 'எஸ்.பி.யிடம் போனீர்களா' என்ற கேள்வியோடு மனு திரும்பிவிடும்.

கோர்ட்டில் பி.என்.எஸ்.எஸ். 175(3)-இன்கீழ் உறுதிமொழிப் பத்திரத்தோடு மனுப் போட்டு, வழக்குப் பதிய உத்தரவு கேட்கலாம். வன்கொடுமை வழக்குகளுக்கான சிறப்பு நீதிமன்றத்துக்கு வழக்கை நேரடியாக எடுத்துக்கொள்ளும் அதிகாரமும் உண்டு.

வக்கீல் செலவுக்குப் பயந்து நின்றுவிடாதீர்கள். பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் வருமான வரம்பு பார்க்காமல் இலவச வக்கீல் தர வேண்டும் என்பது 1987-ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணையச் சட்டம். மாவட்டக் கோர்ட் வளாகத்திலேயே சட்டப்பணிகள் ஆணைக்குழு அலுவலகம் இருக்கும். தொலைபேசி எண் 15100. வன்கொடுமைகளுக்கென்றே உள்ள தேசிய உதவி எண் 14566.

கடமையை வேண்டுமென்றே செய்யாத அதிகாரிக்கு ஆறு மாதம் முதல் ஒரு வருடம் வரை சிறை என்று 4-ஆவது பிரிவு சொல்கிறது. அதற்கு நிர்வாக விசாரணையின் பரிந்துரை முதலில் வேண்டும். இதைத் தனி மனுவாகப் பிறகு செய்யுங்கள். எஃப்.ஐ.ஆர். வாங்கும் போராட்டத்தோடு கலந்தால் இரண்டுமே இழுபடும்.

6. எஃப்.ஐ.ஆர். கைக்கு வந்த அன்று

பிரிவுகளைப் படியுங்கள். அடித்துக் காயமாக்கியிருந்தால் 3(2)(விஏ) இருக்க வேண்டும். இல்லையென்றால் உடனே டி.எஸ்.பி.க்கு மனுக் கொடுத்து, பிரிவு மாற்ற அறிக்கை கோர்ட்டுக்கு அனுப்பும்படி கேளுங்கள். குற்றப்பத்திரிகை வந்த பிறகு இதைச் செய்வது பலமடங்கு கடினம்.

விசாரணை அதிகாரி யார் என்று பாருங்கள். இந்தச் சட்டத்துக்கான 1995-ஆம் ஆண்டு விதிகளின் 7-ஆவது விதிப்படி டி.எஸ்.பி. அந்தஸ்துக்குக் குறையாதவர், மாநகரத்தில் உதவி கமிஷனர், விசாரிக்க வேண்டும். எஸ்.ஐ. வந்து வாக்குமூலம் எழுதிக்கொண்டு போனால் ஆட்சேபம் தெரிவித்து எழுதிக் கொடுங்கள். விடுதலை கேட்டு எதிரி முதலில் பிடிக்கும் பிடி இதுதான்.

அன்றே மாவட்ட ஆட்சியருக்கும் ஆதிதிராவிடர் நல அலுவலருக்கும் நிவாரணம் கேட்டு மனுக் கொடுங்கள். எஃப்.ஐ.ஆர். நகல், சாதிச் சான்றிதழ், வங்கிக் கணக்குப் புத்தக நகல் இணைத்தால் போதும். 2016-இல் திருத்திய மத்திய விதிகள் குற்றத்துக்கேற்ப 85,000 ரூபாயிலிருந்து 8,25,000 ரூபாய் வரை நிர்ணயித்தன. தமிழ்நாட்டில் தொகை பிறகு உயர்த்தப்பட்டது. சாதி சொல்லித் திட்டிய வழக்குகளில் இது எஃப்.ஐ.ஆர். நிலையில் கால்பங்கு, குற்றப்பத்திரிகை கோர்ட்டுக்குப் போகும்போது பாதி, தண்டனை கிடைக்கும்போது மீதி கால்பங்கு என்று வரும். முதல் உதவி ஏழு நாளுக்குள் வர வேண்டும். 'பணத்துக்காகக் கேஸ் போட்டான்' என்று ஊர் பேசும் என்று பலர் மனுவே கொடுப்பதில்லை. வேலைக்கும் போக முடியாமல் வழக்கையும் நடத்த வேண்டியவருக்காகத்தான் சட்டம் அதை வைத்திருக்கிறது. வாங்குங்கள்.

7. அடுத்த அறுபது நாள்

குற்றப்பத்திரிகை அறுபது நாளுக்குள் சிறப்பு நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். இந்த அறுபது நாளில்தான் அதிகம் பேர் உடைகிறார்கள். காரணங்கள் மூன்று.

முதலாவது, எதிர் வழக்கு. நீங்கள் புகார் கொடுத்த அன்றே உங்கள் மீது திருட்டு, மிரட்டல் என்று ஒரு புகார் வந்திருக்கும். பதறிப்போய் உங்கள் வழக்கைத் திரும்பப் பெற வேண்டாம், இரண்டும் தனித்தனி. அந்த வழக்குக்கு முன்ஜாமீன் போட்டுவிட்டு இந்த வழக்கைத் தொடருங்கள்.

இரண்டாவது, அமைதிப் பேச்சுவார்த்தை. ஆர்.டி.ஓ. அலுவலகத்திலோ தாலுகா அலுவலகத்திலோ இரு தரப்பையும் கூட்டி உட்காரவைப்பார்கள். ஊர் அமைதிக்காகப் போகலாம், ஆனால் 'புகாரைத் தொடர விரும்பவில்லை' என்ற வரி இருக்கும் எந்தத் தாளிலும் கையெழுத்து வேண்டாம். கையெழுத்திடும் முன் தாளைப் போட்டோ எடுங்கள்.

மூன்றாவது, 'மிஸ்டேக் ஆஃப் ஃபேக்ட்', அதாவது புகாரில் சொன்ன தகவலே தவறு, என்று போலீஸ் வழக்கை முடிப்பது. அப்படி முடித்தால் ஆர்.சி.எஸ். நோட்டீஸ் உங்களுக்கு வரும். அதை வழக்கு முடிந்துவிட்டதற்கான தாள் என்று நினைத்துப் பெட்டியில் வைத்துவிட்டவர்கள் உண்டு. அதை எதிர்த்து எதிர்ப்பு மனுப் போடும் உரிமை உங்களுக்கு இருக்கிறது. நோட்டீஸ் கைக்கு வந்த தேதியைக் குறித்துவைத்து, அந்த வாரமே வக்கீலைப் பாருங்கள்.

இதே நாட்களில், முக்கியச் சாட்சிகளுக்கு மாஜிஸ்திரேட் முன்பு வாக்குமூலம் பதியும்படி எழுதிக் கேளுங்கள். பி.என்.எஸ்.எஸ். 183 அதற்கான பிரிவு. பின்னால் மிரட்டலுக்குப் பயந்து மாற்றிச் சொல்வது அதன் பிறகு எளிதாக இருக்காது. எதிரியின் சாதிச் சான்றைத் தாசில்தாரிடமிருந்து போலீஸ் வாங்கிவிட்டதா என்றும் கேளுங்கள். அது இல்லாமல் போன குற்றப்பத்திரிகைகளை நான் பார்த்திருக்கிறேன்.

8. ஜாமீன் மனு வரும்போது

சட்டத்தின் 18-ஆவது பிரிவு முன்ஜாமீனைத் தடுக்கிறது. புகாரைப் படித்தவுடனேயே குற்றம் எதுவும் தெரியவில்லை என்றால் மட்டும் கோர்ட் தரலாம் என்பது, 18ஏ-வை உறுதிசெய்த அதே 2020 தீர்ப்பு. அந்த நேரத்தில் நீதிபதியின் கையில் இருப்பது உங்கள் புகார்தான். மூன்றாம் பகுதியில் அவ்வளவு சொன்னதற்கு இதுவும் காரணம்.

15ஏ பிரிவின்படி ஜாமீன் விசாரணைக்கு முன்பே உங்களுக்குத் தகவல் தர வேண்டும், நீங்கள் சொல்வதைக் கேட்க வேண்டும். இது கட்டாயம் என்று 2021-இல் ஹரிராம் பாம்பி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. தகவல் வராமலே ஜாமீன் தரப்பட்டிருந்தால், அதை ரத்துசெய்யக் கேட்க அந்தக் காரணத்தை முன்வைக்கலாம். போய் நிற்கும்போது, மிரட்டல் வந்த தேதிகளும் போன் எண்களும் உள்ள பட்டியலைக் கொண்டுபோங்கள். 'பயமாக இருக்கிறது' என்பதைவிட அந்தப் பட்டியல் அதிகம் பேசும்.

9. கூண்டில் ஏறும் முன்

சட்டம் இரண்டு மாதத்தில் விசாரணையை முடிக்கச் சொல்கிறது. நடைமுறையில் வருடக்கணக்காகும். அதனால் புகார் நகலைப் பத்திரமாக வைத்து, சாட்சி சொல்லும் வாரத்தில் மூன்று முறை படியுங்கள்.

குறுக்கு விசாரணையில் முதலில் தேடுவது, புகாரில் இல்லாத எதையாவது கூண்டில் புதிதாகச் சொல்கிறீர்களா என்பதைத்தான். நினைவில்லாததை 'நினைவில்லை' என்று சொல்லுங்கள். நேரம் ஐந்தா ஐந்தரையா என்று தடுமாறியதற்காக வழக்குகள் தோற்பதில்லை. ஊகித்துச் சொன்ன பதில்தான் தோற்கடிக்கும்.

சாட்சிகளுக்குப் பயணப்படி, தினப்படி உண்டு, அதே 1995 விதிகளின் 11-ஆவது விதி. கூலி வேலைக்குப் போகும் சாட்சி நான்காவது வாய்தாவில் வராமல் போவது, பெரும்பாலும் மிரட்டலால் இல்லை, அன்றைய கூலி போய்விடும் என்பதால்தான். ஒவ்வொரு வாய்தாவிலும் எழுதிக் கேளுங்கள்.

அரசு வக்கீல்மேல் நம்பிக்கை இல்லையென்றால், உங்கள் விருப்பப்படி ஒரு மூத்த வக்கீலை நியமிக்கும்படி 4(5) விதியின்கீழ் ஆட்சியரிடம் மனுக் கொடுக்கலாம். சாட்சி விசாரணை தொடங்கும் முன்பே கொடுத்துவிடுங்கள். பாதியில் வருகிறவர், ஏற்கெனவே பதிவான சாட்சியத்தை மாற்ற முடியாது.

10. தீர்ப்பு நாள்

தீர்ப்பு எதுவானாலும் அன்றே சான்றிட்ட நகலுக்கு விண்ணப்பம் போடுங்கள். எதிரி விடுதலையானால் 14ஏ பிரிவின்கீழ் 90 நாளுக்குள் உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்யலாம். தென்மாவட்டங்கள் என்றால் மதுரைக் கிளையில். தக்க காரணம் காட்டினால் கூடுதல் அவகாசம் கிடைக்கலாம், ஆனால் 180 நாளைத் தாண்டி மேல்முறையீட்டை ஏற்கக் கூடாது என்று அதே பிரிவு சொல்கிறது.

தண்டனை கிடைத்திருந்தால், மீதி நிவாரணத் தொகைக்கு மனுவை ஆட்சியர் அலுவலகத்தில் கொடுங்கள். எதிரி மேல்முறையீடு செய்து தண்டனையை நிறுத்திவைக்கக் கேட்கும்போதும், அதுவும் ஒரு விடுவிப்பு என்பதால் உங்களைக் கேட்க வேண்டும் என்பது 15ஏ. வீடு மாறினாலோ போன் எண் மாறினாலோ கோர்ட்டுக்கும் விசாரணை அதிகாரிக்கும் எழுதித் தெரிவித்து, அதற்கும் ஒரு முத்திரை வாங்கி வையுங்கள்.